குதிருக்குள் எவ்வளவு?

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். கணக்கு என்றால் முகம் சுளிப்பவள். ஒரு மாலை கரண்டு போய், கூடவே டிவியும் போய், இருவரும் திண்ணையில் பொரி கொறித்துக்கொண்டிருந்தோம். அவளிடம் இரண்டு ஏ4 தாள்களைக் கொடுத்து, ஒன்றை நெட்டுவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் குழாயாகச் சுருட்டி ஒட்டச் சொன்னேன். ஒன்று ஒல்லியாக, நெட்டையாக வந்தது. இன்னொன்று குட்டையாக, பருமனாக.

"எதுல பொரி அதிகமாப் பிடிக்கும்?"

"என்ன மாமா கேள்வி இது? ரெண்டும் ஒரே தாளு. அது உசரத்துல வாங்குது, இது அகலத்துல வாங்குது. ரெண்டுலயும் ஒரே அளவுதான்."

குட்டைக் குழாயைத் தட்டில் நிறுத்தினோம். அதற்குள் நெட்டைக் குழாயைச் செருகி, அதன் விளிம்பு வரை பொரியைக் கொட்டினோம். பிறகு நெட்டையை மெல்ல மேலே உருவச் சொன்னேன். பொரி சரசரவென்று இறங்கிப் பரவியது. குட்டைக் குழாயின் உயரம் 21 செ.மீ.; பொரி வந்து நின்றதோ ஏறத்தாழ 15 செ.மீ.இல். முக்கால்வாசி கூட நிரம்பவில்லை. "மீதி எங்க போச்சு?" என்று தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

மீதி எங்கும் போகவில்லை. அவளுடைய கணக்கில்தான் ஓட்டை. அந்த ஓட்டை அவளுக்கு மட்டும் உரியதல்ல; இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மனிதர்களும் அதில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். மேலிருந்து கீழ்வரை எங்கே குறுக்கே அறுத்தாலும் ஒரே முகத்தைக் காட்டும் திண்மத்தை நம் பாடநூல்கள் பட்டகம் என்கின்றன. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது கிடைப்பதைப் போல, ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் அச்சு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு அரியம் என்று பெயர். அரிதல் என்றால் அறுத்தல், நறுக்குதல். கிரேக்கர்கள் வைத்த 'பிரிஸ்மா' என்ற சொல்லுக்கும் 'ரம்பத்தால் அறுக்கப்பட்டது' என்றுதான் பொருள். எனக்கு அரியம் பிடித்திருக்கிறது; பட்டகம் என்றவுடன் எதுவும் கண்முன் வருவதில்லை, அரியம் என்றால் அரிவாள்மணை வந்துவிடுகிறது. ஆனால் பழக்கத்தை விட முடியாது, பட்டகம் என்றே எழுதுகிறேன். கறாராகப் பேசினால் பட்டகத்தின் அடி பலகோணமாக இருக்க வேண்டும். அடி வட்டமானால் அது உருளை. இங்கே அந்த வேலி தேவையில்லை. எண்ணற்ற பக்கங்கள் கொண்ட பட்டகமே உருளை என்று வைத்துக்கொண்டால் எதுவும் கெடாது.

பட்டகத்தின் கன அளவு அடிப்பரப்பு பெருக்கல் உயரம். அவ்வளவுதான் சூத்திரம். பள்ளியில் செவ்வகப் பெட்டிக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று, முக்கோணப் பட்டகத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறோம். மூன்றும் ஒன்றுதான் என்பது பலருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. ஒரு வில்லையின் பரப்பைத் தெரிந்துகொள், எத்தனை வில்லை என்று பார், பெருக்கு. வில்லை வட்டமா, சதுரமா, நட்சத்திரமா என்பதைப் பெருக்கல் கேட்பதில்லை. அடுக்கு கோணலாகச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. அப்பளக் கட்டைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தால் அப்பளம் கூடுமா, குறையுமா? இத்தாலியப் பாதிரியார் கவலியேரி 1635இல் வெளியிட்ட நூலில் இதையே ஒரு கோட்பாடாக்கினார்: இரண்டு திண்மங்களை எந்த மட்டத்தில் அறுத்தாலும் வெட்டுமுகப் பரப்புகள் சமம் என்றால் அவற்றின் கன அளவும் சமம். வெட்டுமுகத்தின் வடிவம் ஒத்துப்போக வேண்டியதில்லை, பரப்பு ஒத்தால் போதும்.

இந்தப் பெருக்கலுக்கு வயது அதிகம். எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர், பொ.ஆ.மு. 1550 வாக்கில், தமக்கும் முந்தைய ஒரு நூலைப் பார்த்துப் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்த கணக்குகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1858இல் லக்சரில் அதை வாங்கிய ஸ்காட்லாந்துக்காரரின் பெயரால் ரைண்ட் பாப்பிரஸ் என்கிறார்கள். அதில் 41ஆம் கணக்கிலிருந்து வரிசையாகச் சில கணக்குகள் தானியக் களஞ்சியம் பற்றியவை. விட்டம் 9 முழம், உயரம் 10 முழம் கொண்ட உருண்டைக் களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் பிடிக்கும்? ஆமோஸ் சொல்கிறார்: 9இல் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, 8. எட்டெட்டு 64. அதை உயரம் 10ஆல் பெருக்கு, 640 கன முழம். இன்று பை மதிப்பைப் போட்டுக் கணக்கிட்டால் 636 சொச்சம் வரும். நூற்றுக்கு முக்கால்கூட இல்லாத பிழை. தானியம் அளப்பவனுக்கு அது கைப்பிடிச் சிதறல். 44ஆம் கணக்கில் களஞ்சியம் சதுரம்: பத்துக்குப் பத்துக்குப் பத்து, 1000 கன முழம். முதல் படி மட்டும்தான் மாறுகிறது. அடிப்பரப்பு கையில் வந்ததும் இரண்டு கணக்கும் ஒரே பாதையில் போகின்றன.

அப்படியானால் வடிவத்துக்கு வேலையே இல்லையா? பரப்பைக் கையில் கொடுத்துவிட்டால் இல்லை. ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் நம்மிடம் பரப்பைக் கொடுப்பதில்லை. இவ்வளவு தகரம், இவ்வளவு துணி, இவ்வளவு செங்கல் என்று சுவரைத்தான் கொடுக்கிறார்கள். சுவர் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டால் வடிவம் எஜமானன் ஆகிவிடுகிறது.

தாளுக்கே திரும்புவோம். ஏ4 தாள் 21க்கு 29.7 செ.மீ. அதன் குட்டைப் பக்கம் அடியைச் சுற்றிவர, 29.7 செ.மீ. உயரத்துக்கு நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். மூன்று மடிப்பு மடித்து முக்கோணக் குழாய் ஆக்கினால் உள்ளே 630 மி.லி. பிடிக்கும். நான்கு மடிப்பு மடித்துச் சதுரமாக்கினால் 819. அறுகோணம் 945. எண்கோணம் 988. மடிக்காமல் வட்டமாகச் சுருட்டினால் 1042. அதே தாள், அதே உயரம். முக்கோணத்திலிருந்து வட்டத்துக்கு வருவதற்குள் கொள்ளளவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

ஏன் இப்படி? அடிப்பலகோணத்தின் நடுவிலிருந்து மூலைகளுக்குக் கோடு போட்டு, தோசையை வெட்டுவதுபோல் முக்கோணத் துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டின் பரப்பும் அதன் அடியில் பாதி பெருக்கல் உயரம். உயரம் என்பது இங்கே நடுப்புள்ளியிலிருந்து சுவருக்கு உள்ள நேர்தூரம். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால், பாதிச் சுற்றளவு பெருக்கல் அந்தத் தூரம். வட்டத்துக்கு நம் பழைய தமிழ்க் கணக்கு நூல்கள் சொன்ன வழியும் இதுவே: அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கு. பையும் வேண்டாம், ஒன்பதில் ஒன்றும் வேண்டாம். சுற்றளவையும் விட்டத்தையும் கயிற்றால் அளந்தால் போதும்.

ஆக, சுற்றளவு ஒன்றே என்றால் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. சுவர் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? நம் 21 செ.மீ. சுற்றளவில், முக்கோணத்தின் சுவர் நடுவிலிருந்து 2.02 செ.மீ.இலேயே வந்து மறிக்கிறது. சதுரத்தில் 2.63. அறுகோணத்தில் 3.03. வட்டத்தில் 3.34. முக்கோணத்தின் மூலைகள் வெகுதூரம் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூர்மூலையில் இடம் எங்கே இருக்கிறது? இரண்டு சுவர்களைச் செலவழித்து விரல் நுழையாத ஒரு சந்தை வாங்கியதுதான் மிச்சம். வட்டத்துக்கு மூலை இல்லை. சுவரின் ஒவ்வொரு விரற்கடையும் நடுவிலிருந்து முடிந்தவரை தள்ளி நிற்கிறது.

இதைக் காகிதமே நமக்குச் சொல்லித்தரும். அன்று சதுரக் குழாயில் பொரிக்குப் பதில் அரிசியைக் கொட்டினோம். பாதி நிறைவதற்குள் நான்கு பக்கங்களும் தொப்பை போட ஆரம்பித்தன, மடிப்புகள் மழுங்கின. நிரம்பும் தறுவாயில் அதைச் சதுரம் என்று சொல்ல அக்கா மகளுக்கே மனம் வரவில்லை. உள்ளே இருக்கும் அரிசி நாலாபக்கமும் நெட்டுகிறது. நெட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளிடம் கொஞ்சம் கூடும்படிதான் சுவர் நகரும். தாள் நீளாது, சுற்றளவு மாறாது. ஆகவே இனிமேல் கூட்ட முடியாத வடிவம் எதுவோ அதை நோக்கியே சுவர் போகும். அது வட்டம். தைக்கும்போது தட்டையாகக் கிடக்கும் சாக்கு, நெல் நிறைந்ததும் உருண்டு நிற்பதும், தண்ணீர் நிறைந்த சதுர பிளாஸ்டிக் கேன் வயிறு பிதுங்கி நிற்பதும் இதனால்தான். சதுரமாக இருக்கச் சொல்லி ஒரு சுவரைக் கட்டாயப்படுத்த வேண்டுமானால், வளையாத கனத்தில் கட்ட வேண்டும், அல்லது குறுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். மாடியில் கறுப்பு நீர்த்தொட்டிகள் உருண்டையாகவே இருப்பதற்கும் அதே காரணம்.

தாத்தா வீட்டில் நெல் வைக்க இரண்டும் இருந்தன, குதிரும் பத்தாயமும். குதிர் மண்ணால் ஆனது. உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சந்துகளை மண்ணும் சாணமும் வைத்துப் பூசி, அடியில் நெல் சரிவதற்கு ஒரு துவாரம். உருண்டையாக, ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இருக்கும். கேட்காமலே "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை சொன்னதாக வரும் பழமொழி அந்தக் கொள்ளளவை நம்பித்தான் பிறந்திருக்க வேண்டும். பத்தாயம் மரப்பெட்டி, மூலைகளில் இரும்புப் பட்டை, தேக்குப் பலகையின் கனம் இரண்டு விரல் இருக்கும். மண்ணைப் பிசைந்து சுற்றிக்கொண்டே போனால் இயல்பாக வட்டம் வரும். பலகையை வளைக்க முடியாது, பெட்டிதான் வரும். எந்த வடிவம் நல்லது என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பொருள் எப்படி வளைந்து கொடுத்ததோ அப்படிச் செய்தார்கள். ஆனால் நெல்லின் நெட்டலுக்குக் குதிர் தன் வடிவத்தாலேயே ஈடுகொடுத்தது. பத்தாயம் இரண்டு விரல் தேக்கையும் இரும்புப் பட்டையையும் செலவழித்து ஈடுகொடுத்தது.

கலிலியோவும் தானியச் சாக்கைப் பற்றி யோசித்திருக்கிறார். வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதி, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1638இல் அச்சான 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில், மூன்று நண்பர்கள் பேசிக்கொள்ளும் முதல் நாள் உரையாடலில் இந்தப் பேச்சு வருகிறது. ஒரே துணி, அடியில் மரவட்டம் வைத்துத் தைக்கும் சாக்கு. நீளப் பக்கத்தை அடியைச் சுற்றி வைத்துத் தைத்தால் அதிகம் பிடிக்கும். அகலப் பக்கத்தைச் சுற்றித் தைத்தால் குறைவு. துணி ஒன்றே என்றால் கொள்ளளவு உயரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று நிறுவிக் காட்டுகிறார். 12 முழம் நீளம், 6 முழம் அகலமுள்ள துணியில் குட்டைச் சாக்கு, நெட்டைச் சாக்கைப்போல் சரியாக இரண்டு மடங்கு பிடிக்கும்.

எங்கள் பொரி கணக்கிலும் அதே விதிதான். தாளின் நீளம் அகலத்தைப்போல் 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். தாளைப் பாதியாக மடித்தாலும் அதே விகிதம் நிற்க வேண்டும் என்பதற்காக ஏ வரிசைத் தாள்களை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே குட்டைக் குழாயின் சுற்றளவு 1.414 மடங்கு, பரப்போ அதன் வர்க்கம், துல்லியமாக இரண்டு மடங்கு. நெட்டைக் குழாயின் 29.7 செ.மீ. உயரப் பொரி, குட்டைக் குழாயில் சரிபாதியாக, 14.85 செ.மீ.இல் வந்து நின்றது அதனால்தான். உயரம் இழந்தது கொஞ்சம்; அடிப்பரப்பு பெற்றது அதைவிட அதிகம். உயரம் கொள்ளளவுக்குள் ஒரு முறைதான் நுழைகிறது. சுற்றளவு இரண்டு முறை நுழைகிறது.

இந்த இரட்டை நுழைவு வட்டத்தின் பெருமையைக்கூட அசைத்துவிடும். குட்டை உயரத்தில் சதுரக் குழாய் செய்தால் 1158 மி.லி. பிடிக்கும், நெட்டை உருளைக்கு 1042தான். சதுரம் வட்டத்தை வென்றுவிட்டது! அப்படியானால் இன்னும் குட்டையாக்கிக்கொண்டே போனால்? கொள்ளளவு ஏறிக்கொண்டே போகும், எல்லையே இல்லை. விரற்கடை உயரச் சுவரை வயல் முழுதும் சுற்றி வளைத்தால் எவ்வளவோ பிடிக்கும்தான். ஆனால் அடித்தட்டுக்கு யார் காசு கொடுப்பது? அடித்தகடும் கணக்கில் சேர்ந்த கணமே எல்லை வந்துவிடும். மூடியில்லாத அண்டாவுக்குத் தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டுமானால் உயரம் ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மூடியும் சேர்ந்த டப்பா என்றால் உயரம் விட்டத்துக்குச் சமம்.

சுற்றளவை வைத்துப் பரப்பை எடைபோடும் பழக்கத்தைக் கணிதர்கள் வெகுகாலமாகத் திட்டிவந்திருக்கிறார்கள். அக்காலத்தில் ஒரு தீவு எவ்வளவு பெரியது என்று சொல்ல, அதைக் கப்பலில் சுற்றிவர எத்தனை நாளாகும் என்று சொல்வார்கள். சிசிலித் தீவைத் துசிடிடீஸ் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சில் வாழ்ந்த புரோக்ளஸ் இன்னொரு கூத்தைக் குறித்துவைத்திருக்கிறார். பொதுநிலத்தைப் பங்கிடும்போது, சுற்றளவு அதிகமான ஆனால் பரப்பு குறைந்த துண்டுகளைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, பரப்பு அதிகமானதைச் சிலர் தாங்கள் வைத்துக்கொண்டார்களாம். அதோடு விட்டுக்கொடுத்தவர்கள் என்ற நல்ல பெயரும் வாங்கினார்களாம்! வேலியின் நீளத்தைக் காட்டி மனை விற்பவரிடம் இன்றும் இதே விழிப்பு வேண்டும்.

சுற்றளவு ஒன்றே என்றால் வட்டத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்பதைப் பலகோணங்களோடு ஒப்பிட்டு நிறுவியவர் செனோடோரஸ் என்ற கிரேக்கர்; பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர். அவர் நூல் தொலைந்துவிட்டது, பிறர் எடுத்தாண்டதால் தெரிகிறது. எந்த வளைகோட்டோடு ஒப்பிட்டாலும் வட்டமே வெல்லும் என்பதை முழுமையாக நிறுவப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆனது. கண்ணால் பார்த்தாலே தெரிகிற உண்மைக்கு இரண்டாயிரம் ஆண்டு என்பது கணிதத்தில் அதிகமில்லை.

பட்டகம் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றில்லை. படுத்தும் கிடக்கும். நேராக ஓடும் வாய்க்கால் அப்படிப் படுத்த பட்டகம். அதன் குறுக்குவெட்டுதான் 'அடி', நீளம்தான் 'உயரம்'. பொறியாளரிடம் இருப்பது இவ்வளவு சிமென்ட்டுப் பூச்சு, இவ்வளவுதான். தண்ணீர் நனைக்கும் விளிம்பு 6 மீட்டர் என்று வைப்போம். செவ்வக வாய்க்கால் என்றால் அதிகபட்சம் 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், வெட்டுமுகம் 4.5 சதுர மீட்டர். பக்கங்களைச் சாய்த்துச் சரிவகமாக்கினால் 5.2 வரை போகலாம். அரைவட்டமாக்கினால் 5.73.

அந்த 5.2 எப்போது கிடைக்கும் தெரியுமா? சரிவகம் ஓர் ஒழுங்கு அறுகோணத்தின் சரிபாதியாக இருக்கும்போது. இதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நீர்மட்டத்தைக் கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வக வாய்க்காலும் அதன் பிம்பமும் சேர்ந்தால் 3க்கு 3 சதுரம். சரிவகமும் பிம்பமும் சேர்ந்தால் அறுகோணம். அரைவட்டம் முழுவட்டம் ஆகிறது. திறந்த வாய்க்கால் என்று தனியாக ஒரு கணக்கே இல்லை; பழைய சதுரமும் அறுகோணமும் வட்டமும்தான் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. அண்டாவின் உயரம் ஆரத்துக்குச் சமமாக வந்ததன் கதையும் இதுதான்: அண்டாவும் அதன் பிம்பமும் சேர்ந்தால், உயரமும் விட்டமும் சமமான மூடிய டப்பா.

வாய்க்காலில் லாபம் கொள்ளளவோடு நிற்பதில்லை. அதே வெட்டுமுகப் பரப்புக்குக் கரையோடு உரசும் விளிம்பு குறைந்தால் அதே சரிவில் தண்ணீர் விரைந்தும் ஓடும். ஆனால் மண் இந்த வடிவியலைப் படித்ததில்லை. அறுகோணம் கேட்கும் 60 பாகைச் சரிவில் வெறும் மண்கரை நிற்காது, முதல் மழையிலேயே சரிந்து வாய்க்காலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மண்வாய்க்கால்களின் கரையை அகலச் சாய்த்துப் போட்டுக் கொஞ்சம் கொள்ளளவை மண்ணுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

வட்டம் இவ்வளவு கெட்டிக்காரி என்றால் கடைகளில் பால் ஏன் செவ்வகப் பெட்டியில் வருகிறது? வட்டத்தின் பலவீனம் அது தனியாக இருக்கும்போது தெரியாது. பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்து நின்றால் தெரியும். உருளை டின்களை வரிசைக்கு வரிசை நேராக அடுக்கினால் தளத்தில் நூற்றுக்கு 78.5 பங்குதான் நிறைகிறது. ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசையை நகர்த்தி வைத்தாலும் 90.7க்கு மேல் முடியாது. லாரியின் வாடகை மீதமுள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான். சுவீடனின் டெட்ரா பாக் நிறுவனம் தன் பெயருக்கு ஏற்ப 1950களின் தொடக்கத்தில் நான்முகி வடிவத்தில்தான் பால் உறைகளைக் கொண்டுவந்தது. ஒழுங்கு நான்முகிகளை இடைவெளி இல்லாமல் அடுக்க முடியாது. 1963இல் அதே நிறுவனம் செங்கல் வடிவப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

தனியாக வட்டம், கூட்டமாகச் செங்கல். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உண்டு, அதைக் கண்டுபிடித்தவை தேனீக்கள். ஒரே ஒழுங்குப் பலகோணத்தைத் திரும்பத் திரும்பப் பதித்துத் தரையை இடைவெளியின்றி நிரப்ப வேண்டுமானால் மூன்றே வடிவங்கள்தான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒரு சதுர செ.மீ. அறையைச் சுற்ற முக்கோணத்துக்கு 4.56 செ.மீ. சுவர் வேண்டும், சதுரத்துக்கு 4, அறுகோணத்துக்கு 3.72. வட்டத்துக்கு 3.54 போதும், ஆனால் வட்டங்களுக்கு நடுவே சந்து விழும். ஒரு சுவரை இரு அறைகள் பங்குபோடவும் முடியாது. தேனடையில் ஒவ்வொரு மெழுகுச் சுவரும் இரண்டு வீட்டுக்குப் பொதுச்சுவர். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் பாப்பஸ் இதைச் சொல்லித் தேனீக்களை மெச்சினார். ஒழுங்கற்ற வடிவங்களையும் கலவைகளையும் அனுமதித்தாலும், சம பரப்புள்ள அறைகளாகத் தளத்தைப் பிரிக்க அறுகோணமே சிக்கனம் என்பதை அமெரிக்கக் கணிதர் தாமஸ் ஹேல்ஸ் நிறுவியது 1999இல்தான்.

தேனீக்களைக் கணித மேதைகளாக்கிப் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தேனறை நல்ல அறுகோணப் பட்டகம்தான், ஆனால் அதன் அடி தட்டையல்ல. மூன்று சாய்சதுரங்கள் கூடிய குழிவு. மறுபக்கத்து அறைகளோடு இப்படிப் பொருந்திக்கொள்வதும் சிக்கனமே. ஆனால் 1964இல் ஹங்கேரிக் கணிதர் லாஸ்லோ ஃபெயஷ் தோத் இதைவிடச் சிக்கனமான ஓர் அடியை வரைந்து காட்டிவிட்டார். மிச்சமாகும் மெழுகு நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. அதற்காகத் தேனீக்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதுவரை எல்லாரும் சுவரை மிச்சம் பிடித்தார்கள். சுவரை வேண்டுமென்றே ஊதாரித்தனமாகச் செலவழிக்கும் ஓர் இடமும் நம் அடுக்களையில் இருக்கிறது. முறுக்கு நாழி. மாவு உள்ளே உருளை. அச்சின் துளை வழியே வெளியே வரும் இழையும் ஒரு பட்டகம், துளையின் வடிவமே அதன் அடி. மாவின் கன அளவு மாறாது. நாழியின் விட்டம் 5 செ.மீ., துளை 5 மி.மீ. என்றால் பரப்பு நூற்றில் ஒன்று. நாழிக்குள் ஒரு செ.மீ. அழுத்தினால் வெளியே ஒரு மீட்டர் இழை. அந்தத் துளை வட்டமாக இருந்தால் தேன்குழல். ஏன் முறுக்குக்கு நட்சத்திரத் துளை? அதே மாவுக்கு, அதே நீளத்துக்கு, நட்சத்திர இழையின் மேனி அதிகம். எண்ணெய் படும் இடம் கூடும், ஈரம் வெளியேறும் வழி கூடும், கூரான முகடுகள் முதலில் சிவந்து மொறுமொறுக்கும். ரிப்பன் பக்கோடா இதன் உச்சம். 20 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் உள்ள துளை என்றால் பரப்பு 20 சதுர மி.மீ.; அதே பரப்புள்ள வட்ட இழையைவிட அதற்கு மேனி இரண்டரை மடங்குக்கும் மேல். குதிர் எதைத் தவிர்க்கிறதோ அதைத்தான் ரிப்பன் தேடிப்போகிறது.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும் முன், அக்கா மகள் முறுக்கு நாழியோடு வந்த அச்சுத் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மூன்று நட்சத்திரம், ஒன்றில் வரிவரியான பிளவு, ஓமப்பொடிக்கு ஊசித்துளைகள். ஒன்றில் மட்டும் நடுவே ஒரே பெரிய முக்கோணத் துளை. "இதுல என்ன மாமா பிழிவாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. மாவு மிச்சமிருந்தது, பிழிந்து பார்த்தோம். முனைகள் கருகின, நடு வேகவில்லை.